இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் உணவும் உடல் தேறுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதிய வயதில் தவறி விழுந்து, தொடை எலும்பின் மேல்முனை முறிந்து (இதுவே இடுப்பு முறிவு எனப்படுகிறது) மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தார் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது. தரப்படும் அளவுகள் பொதுவானவை. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றில் நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு அவை மாறும் என்பதால், அத்தகையோர் தம் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி உணவைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

அறுவை சிகிச்சை எலும்பைச் சரிசெய்கிறது. உடலைத் தூக்கி நிறுத்தி நடக்க வைக்க வேண்டியது தசை. முறிவும் அதைத் தொடர்ந்த அறுவை சிகிச்சையும் உடலில் பெரும் அழற்சியை உண்டாக்குகின்றன. புண்ணை ஆற்றவும் தொற்றை எதிர்க்கவும் வேண்டிய புரதம் உணவிலிருந்து கிடைக்காதபோது உடல் தன் தசையையே கரைத்து அதை எடுத்துக்கொள்கிறது. படுத்தே இருப்பதும் இந்த இழப்பை விரைவுபடுத்துகிறது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வில், அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்துபோனது. காயமும் காய்ச்சலும் பசியின்மையும் உள்ள ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இந்த முறிவுக்குப் பிறகு ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை இறந்துவிடுகின்றனர். தேறியவர்களிலும் பலர் விழுவதற்கு முன்பு நடந்தது போல் மீண்டும் நடப்பதில்லை. இதற்கு உணவுக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வயது, இதய நோய், மறதி நோய், நிமோனியா எனப் பல காரணங்கள் உள்ளன. ஆனால் அவற்றுள் குடும்பத்தாரால் அன்றாடம் கவனித்து மாற்றக்கூடியவை மிகச் சில. உணவு அவற்றில் ஒன்று.

வீட்டில் நன்றாகத்தான் சாப்பிட்டார். மருத்துவமனையில் ஊட்டக்குறைவு இருக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

முதியவர்களின் உணவு சிறிது சிறிதாகவே குறைகிறது. பல் இல்லாமை, தனியே உண்ணுதல், மனச்சோர்வு, சுவை மங்குதல், மாத்திரைகளின் விளைவு ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் அளவு சுருங்கும்போது, உடன் இருப்பவர்களுக்கு அது வழக்கமான அளவாகவே தோன்றிவிடுகிறது. இவ்வாறு மெலிந்து தசை வலுவிழந்ததே பலரின் விழுதலுக்கும் ஒரு காரணம் என்பதால், முறிவோடு வருபவர்களிடையே ஊட்டக்குறைவு பரவலாகக் காணப்படுகிறது.

இதைக் கண்டறியச் சிறிய வினாப்பட்டியல்கள் உள்ளன. முதியவர்களுக்கெனப் பரவலாகப் பயன்படும் ஒன்றில் மொத்தம் 14 மதிப்பெண்கள்: 12 முதல் 14 வரை இயல்பு, 8 முதல் 11 வரை ஆபத்து நிலை, 7 அல்லது அதற்குக் கீழ் ஊட்டக்குறைவு. கடந்த மூன்று மாதங்களில் உணவும் எடையும் குறைந்தனவா, நடமாட்டம் எப்படி, மனநிலை எப்படி என்பவை அதில் கேட்கப்படும். படுத்திருப்பவரின் எடையையும் உயரத்தையும் அளக்க முடியாவிட்டால் கெண்டைக்காலின் சுற்றளவை அளக்கிறார்கள். அது 31 செ.மீ.-க்குக் குறைவாக இருந்தால் தசை குறைந்திருப்பதாகக் கருதப்படும். உடையும் மோதிரமும் முன்பைவிடத் தளர்ந்திருந்ததா என்பதற்குக் குடும்பத்தார் தரும் பதிலும் மதிப்புள்ள தகவலே.

உடல் பருத்தவர்களுக்கு இந்தக் குறை வராது என்று எண்ண வேண்டாம். கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கும் நிலை முதுமையில் சாதாரணம். எடையைக் குறைப்பதற்கு இது சமயம் அன்று.

இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைவாக இருக்கிறது. அதுதானே ஊட்டக்குறைவின் அடையாளம்?

இல்லை. காயமும் அழற்சியும் ஏற்பட்டால் நன்றாக உண்பவருக்கும் ஆல்புமின் சில நாட்களிலேயே இறங்கிவிடும். நோயின் கடுமையை அது காட்டுகிறது. உண்ட அளவை அன்று. அந்த எண் ஏறவில்லையே என்று உணவின் மீது நம்பிக்கை இழக்கத் தேவையில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் எவ்வளவு நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும்?

மயக்க மருந்து தருவதற்கு 6 மணி நேரம் முன்பு வரை திட உணவும், 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் போன்ற தெளிந்த திரவங்களும் கொள்ளலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. வயிறு மெதுவாகக் காலியாகும் நோய் உள்ளவர்களுக்கு மயக்கவியல் மருத்துவர் வேறு அளவு சொல்லக்கூடும். நடைமுறையில் சிக்கல் எழுவது வேறிடத்தில்: காலையில் நடக்க வேண்டிய அறுவை சிகிச்சை மாலைக்கும், பின்னர் மறுநாளுக்கும் தள்ளிப்போக, முதியவர் ஒன்றரை நாள் தொடர்ந்து பட்டினி கிடக்க நேர்கிறது. நேரம் மாறியதாகத் தெரிந்தவுடன், இப்போது எதுவரை உண்ணலாம், எதுவரை பருகலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை; கேட்காவிட்டால் பழைய கட்டளையே தொடர்ந்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் வேண்டும்?

முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கலோரி என்பது தொடக்கக் கணக்கு. புரதம், நலமாக இருக்கும் முதியவருக்கே கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும். முறிவும் அறுவை சிகிச்சையும் நேர்ந்தவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளொன்றுக்கு 1500 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் ஆகும். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்து, ஆனால் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மட்டும் புரத அளவைச் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

75 கிராம் புரதம் என்பது காதில் விழும்போது சிறிய எண்ணாகத் தெரியும். தட்டில் கொண்டுவரும்போதுதான் அதன் பருமன் புரியும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. 200 மி.லி. பாலில் 6 அல்லது 7 கிராம். வேகவைத்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம். வெந்த மீன் அல்லது கோழி இறைச்சி 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். காலையில் கஞ்சி, மதியம் சில கவளம் சோறு, இரவில் ரொட்டியும் பாலும் என்று உண்பவருக்கு நாள் முழுவதும் சேர்த்து 30 கிராம் கிடைப்பதே அரிது. கஞ்சி எளிதில் செரிக்கும் என்பது உண்மைதான். நோயாளிக்கு ஏற்றது அதுவே என்று பல வாரங்கள் அதிலேயே நிறுத்திவிடுவதுதான் கேடு.

முதிய தசை இளம் தசையைப் போலச் சிறு அளவுப் புரதத்துக்கு அவ்வளவாக மறுவினை காட்டுவதில்லை. ஆகவே ஒரே வேளையில் மொத்தமாகத் தராமல், முடிந்தவர்களுக்கு வேளைக்கு 25 கிராம் அளவில் மூன்று வேளையும் பிரித்துத் தருவது நல்லது. முடியாதவர்களுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு உள்ளே போகிறதோ அதுவே லாபம்.

எலும்பை வேகவைத்த சூப் கொடுத்தால் எலும்பு விரைவில் கூடும் என்கிறார்களே?

சூடாகப் பருகுவதற்கு இதமாக இருக்கும், நீர்ச்சத்தும் உப்பும் கிடைக்கும். ஆனால் வடித்த சாற்றில் புரதமும் கால்சியமும் மிகக் குறைவு, கலோரியும் குறைவு. உணவுக்கு முன் ஒரு கிண்ணம் சூப் குடித்து வயிறு நிறைந்துபோனால் அதன் பின் வரும் முட்டையோ பருப்போ அப்படியே திரும்பிவிடும். தருவதானால் உணவுக்குப் பிறகு தாருங்கள். அல்லது மசித்த பருப்பையோ இறைச்சியையோ அதிலேயே கலந்துவிடுங்கள்.

உணவு வருகிறது, அவர் தொடுவதே இல்லை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதுவே முதன்மையானது என்று கருதுகிறேன். மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் வழங்கப்பட்ட உணவு; உடலுக்குக் கணக்கு, உண்ணப்பட்ட உணவு. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மதிய உணவு நேரத்தில் ஒரு படுக்கையை உற்றுக் கவனித்தால் காரணங்கள் தாமே தெரியும். நோயாளி பாதி சரிந்து படுத்திருக்கிறார். தட்டு வைத்த மேசை காலடியில் நிற்கிறது. வலக்கையில் டிரிப் ஏறுகிறது. தட்டின் மூடி இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. பானப் பொட்டலத்தின் உறிஞ்சுகுழல் உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. பல்செட் மேசை இழுப்பறைக்குள், கண்ணாடி வீட்டில். அரை மணி கழித்துத் தட்டு எடுத்துச் செல்லப்படுகிறது. பசியில்லை என்று குறிப்பு எழுதப்படுகிறது. உண்மையில் அவருக்குப் பசி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

எனவே முதலில் செய்ய வேண்டியவை மிகச் சாதாரணமானவை. வலி மருந்தின் நேரத்தை உணவுக்குச் சற்று முன்னதாக வருமாறு செவிலியரோடு பேசி அமைத்துக்கொள்ளுங்கள். வலியோடு யாராலும் உண்ண முடியாது. முதுகை நிமிர்த்தி உட்கார வையுங்கள்; நாற்காலியில் அமர முடிந்தால் இன்னும் நல்லது. பல்செட்டையும் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் முதல் நாளே கொண்டுவந்து சேருங்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து நாக்கில் வெள்ளைப் படலம் உள்ளதா என்று பாருங்கள். அது பூஞ்சைத் தொற்றாக இருந்தால் எளிய மருந்திலேயே குணமாகும். பெரிய தட்டு மலைக்க வைத்தால் சிறு கிண்ணத்தில் ஐந்தாறு தடவையாகத் தாருங்கள். அளவைக் கூட்ட முடியாதபோது சத்தைக் கூட்டலாம்: பால் பவுடர், முட்டை, வெண்ணெய், அரைத்த பருப்பு அல்லது கொட்டைகள் ஆகியவற்றை அவர் வழக்கமாக விரும்பி உண்பதிலேயே கலந்துவிடலாம். முடிந்தவரை உடன் அமர்ந்து நீங்களும் ஏதேனும் உண்ணுங்கள்.

இவ்வளவு எளிய உதவிக்குப் பலன் இருக்குமா என்ற ஐயம் எழலாம். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு முறிவுக்கு ஆளான முதிய பெண்களில் ஒரு பிரிவினருக்கு, உண்ண உதவுவதற்கென்றே தனி உதவியாளர்கள் அமர்த்தப்பட்டனர். விருப்பத்தைக் கேட்பது, தட்டை எட்டும்படி வைப்பது, ஊட்டிவிடுவது, ஊட்டச்சத்து பானத்தைப் பருகச் செய்வது ஆகியவையே அவர்களின் வேலை. நான்கு மாத முடிவில் அந்தப் பிரிவில் இறந்தவர்கள் 13.1 விழுக்காடு, வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவில் 22.9 விழுக்காடு. ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடக் கூடாதுதான். ஆனால் உதவியாளர் செய்த வேலை எதுவும் குடும்பத்தாரால் செய்ய முடியாதது அன்று.

விழுங்கும்போது இருமல், புரையேறுதல், குரல் ஈரமாக ஒலித்தல் ஆகியவை தென்பட்டால் ஊட்டுவதை உடனே நிறுத்திச் செவிலியரிடம் சொல்லுங்கள். விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே தொடர வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் திடீர் மனக்குழப்பத்தில் இருப்பவர், அரைத் தூக்கத்தில் இருக்கும்போது ஊட்டுவதும் ஆபத்தானதே.

ஊட்டச்சத்து பானங்கள் உண்மையில் பயன் தருமா, வெறும் விளம்பரமா?

பயன் உண்டு, ஆனால் பெரிதுபடுத்தக் கூடாது. இந்த முறிவுக்குப் பின் தரப்படும் கூடுதல் ஊட்டம் பற்றி 41 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இத்தகைய பானங்கள் சிக்கல்களைக் குறைக்கக்கூடும் என்றும், இறப்பைக் குறைப்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றும், ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் கூறியது. ஐரோப்பிய மருத்துவ ஊட்டவியல் வழிகாட்டு நெறிகள், இந்த முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்ற முதியவர்களுக்கு இவற்றைத் தருமாறு பரிந்துரைக்கின்றன. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்கும் அளவில், ஒரு மாதமாவது தர வேண்டும் என்பது அந்நெறிகளின் கருத்து.

கடையில் வாங்கும் பொடிகள் எல்லாம் ஒன்றல்ல. சில பொடிகளில் சர்க்கரைதான் மிகுதி. டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்க அட்டவணையில் ஒரு வேளை அளவுக்கு எத்தனை கிராம் புரதம் என்பதைப் பாருங்கள். உணவுக்குப் பதிலாக அன்றி, இரண்டு வேளைகளுக்கு இடையிலும் படுக்கைக்கு முன்பும் தாருங்கள். குளிர வைத்தால் பலருக்கு எளிதாக இறங்கும்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு தரலாமா?

இந்த முறிவுக்காக மட்டும் வழக்கமாகக் குழாய் போடுவதில்லை. முதியவர்களால் அதைப் பொறுக்க முடிவதில்லை. குழப்பத்தில் பிடுங்கிவிடுகிறார்கள், பிடுங்காமல் இருக்கக் கைகளைக் கட்டினால் குழப்பம் மேலும் கூடுகிறது. பக்கவாதத்தால் விழுங்க முடியாமை போன்ற தனிக் காரணம் இருந்தால் அது வேறு.

பல நாட்களாக எதுவுமே சாப்பிடவில்லை. இன்று நிறையக் கொடுத்து ஈடுகட்டலாமா?

கூடாது. விழுந்து யாரும் பார்க்காமல் நாட்கணக்கில் கிடந்தவர்களும், 5 நாட்களுக்கு மேல் ஏறத்தாழ எதுவும் உண்ணாதவர்களும், மிகவும் மெலிந்தவர்களும் திடீரென நிறைய உண்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். அத்தகையோருக்குத் தேவையில் பாதிக்கு மேற்படாத அளவிலோ, நிலைமை கடுமையாக இருந்தால் அதைவிடக் குறைவாகவோ தொடங்கி, வைட்டமின் பி1 கொடுத்து, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே அளவைக் கூட்டுவார்கள். உணவு இல்லாத நாட்கள் எத்தனை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவருக்கு நீரிழிவு உண்டு. இனிப்பு, உப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி வந்தோம். அதையே தொடரலாமா?

பல கட்டுப்பாடுகள் ஒன்று சேர்ந்தால் தட்டில் எதுவும் மிஞ்சாது. முதுமையில் ஊட்டக்குறைவு நேரக்கூடிய நிலையில் கடுமையான உணவுக் கட்டுப்பாடுகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். அதற்காகச் சர்க்கரையைக் கவனிக்காமல் விடலாம் என்று பொருளில்லை. அளவு மிக உயர்ந்தால் புண் ஆறாது, தொற்று வரும். ஆனால் உணவை வெட்டிச் சர்க்கரையைக் குறைப்பதைவிட, போதிய உணவு கொடுத்து அதற்கேற்ப மருந்தையோ இன்சுலினையோ மாற்றுவதே சரியான வழி. உண்ணும் அளவு நாளுக்கு நாள் மாறும்போது பழைய அளவு மாத்திரை சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலச்சிக்கலால் உணவே பிடிக்கவில்லை என்கிறார்.

வலி மருந்துகளில் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை (மார்பின் போன்ற வலுவான வலிநீக்கிகள்) குடலைச் சோம்ப வைக்கும். அசைவின்மையும், சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் அதை மிகுதிப்படுத்தும். அத்தகைய மருந்து தொடங்கும்போதே மலமிளக்கியும் தொடங்குவது வழக்கம். தரப்படுகிறதா என்று கேளுங்கள். தண்ணீர் போதாமல் வெறும் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் அடைப்பு அதிகமாகும். இதயமும் சிறுநீரகமும் இடம் தருமானால், நாள் முழுவதும் சிறுகச் சிறுகத் திரவம் கொடுங்கள். நீர் வறட்சி திடீர் மனக்குழப்பத்துக்கும் ஒரு காரணம்.

இரத்தசோகை இருக்கிறது. இரும்பு மாத்திரை உடனே தொடங்கலாமா?

அறுவை சிகிச்சைக்கு அடுத்த நாட்களில் அழற்சி மிகுந்திருப்பதால் குடல் இரும்பை நன்றாக உறிஞ்சாது. வயிற்றைப் புரட்டி மலச்சிக்கலைக் கூட்டுவதுதான் மிச்சமாகும். இரும்புச்சத்துக் குறைபாடு முன்பே இருந்ததா என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். தொடங்கினால் தேநீர், காப்பி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல் தர வேண்டும்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் எவ்வளவு தேவை? அவை போதுமா?

உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியமும், 800 முதல் 1000 அலகு வைட்டமின் டி-யும் பொதுவான அளவு. உணவிலேயே கால்சியம் கிடைப்பவருக்கு மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். வைட்டமின் டி-யை ஆண்டுக்கு ஒருமுறை பெருமளவில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் தவறு: ஆண்டுக்கு ஒரே முறை 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2010-இல் வெளியானது, அதில் விழுதலும் முறிவும் கூடவே செய்தன.

இவை மட்டும் போதா. சிறு தடுமாற்றத்தில் விழுந்து இடுப்பு முறிகிறது என்றாலே எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். அடுத்த முறிவைத் தடுக்க எலும்பு மெலிவுக்கான மருந்து தேவை. இந்த முறிவுக்குப் பின் 90 நாட்களுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் என்னும் எலும்பு மெலிவு மருந்து ஊசி வழியே தரப்பட்டவர்களிடம் புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைத் தருவதற்கு முன் வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆகவே கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் இந்த ஊசியும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஊசிக்குப் பதிலாக அலென்ட்ரோனேட் போன்ற எலும்பு மெலிவு மாத்திரை தரப்பட்டால், காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து அமர்ந்திருந்த பின்பே பாலோ உணவோ கொள்ள வேண்டும். எலும்பு மருந்தைப் பற்றி யாரும் பேசாமலே வீட்டுக்கு அனுப்பினால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

உணவு மட்டும் சரியாக இருந்தால் தசை திரும்பிவிடுமா?

திரும்பாது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் புரதம் அங்கே சேரும். தடை ஏதும் இல்லையெனில் அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுந்து நிற்கச் செய்வது இன்றைய நடைமுறை. இயன்முறை மருத்துவர் வரும் நேரத்தில் நோயாளி வெறும் வயிற்றில் சோர்ந்திருந்தால் இரண்டு அடியோடு பயிற்சி முடிந்துவிடும். பயிற்சிக்குச் சற்று முன்னோ முடிந்த உடனேயோ பால், முட்டை, ஊட்டச்சத்து பானம் போன்ற ஒன்றைத் தருவது பயிற்சிக்கும் தசைக்கும் உதவும்.

வீட்டுக்கு வந்த பின் எவ்வளவு காலம் இப்படிக் கவனிக்க வேண்டும்?

மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் எடையும் தசையும் மாதக்கணக்கில் குறையக்கூடும். ஆகவே மூன்று மாதங்களாவது கூடுதல் புரதத்தைத் தொடர்வது நல்லது. நிற்க முடிந்த நாள் முதல் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே வகை உடையில் எடை பாருங்கள். கால் வீக்கம் வடியும்போது எடை குறைவதும் உண்டு என்பதால் வீக்கத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். மூன்று மாதங்களில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால், அதாவது 50 கிலோ எடையுள்ளவர் 2.5 கிலோவுக்கு மேல் இழந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ பாருங்கள். இரண்டு நாட்களுக்கு மேல் வழக்கத்தில் பாதிக்கும் குறைவாக உண்பது, குதிகாலிலோ முதுகின் அடியிலோ தோல் சிவந்து அழுத்தினாலும் மாறாமல் இருப்பது, புதிதாகத் தோன்றும் குழப்பம், அறுவைக் காயத்திலிருந்து கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே தெரிவிக்க வேண்டும்.